வாசலோரத்து ஆணி

எங்கள் வீட்டு வாசல் நிலையை ஒட்டி உட்புறச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. செருப்புப் போடக் குனிந்து நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படும். இரண்டு துணிப்பைகள், ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு, இவ்வளவுதான் அதில் தொங்கும். எங்கள் வீட்டுப் பழக்கங்கள் மாறிய கதையை அந்த ஆணியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

2019 ஜனவரி 1ஆம் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்த வாரமே பழைய வேட்டியைக் கிழித்து ஆறு பை தைத்தேன். துவைத்து, மடித்து, பீரோவில் அடுக்கினேன். சேலம் அஸ்தம்பட்டியில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை முடிந்து வரும் வழியில் காய் வாங்க நிற்கும்போதுதான் பை நினைவுக்கு வரும். கடைக்காரர் ஒளித்து வைத்திருக்கும் கேரி பேக்கில் போட்டுக் கொடுப்பார், வாங்கி வருவேன். இரண்டு வருடம் அந்தப் பைகள் புதுசாகவே இருந்தன.

பொங்கலுக்கு ஏற்காட்டிலிருந்து வந்த என் மாமியார் பீரோவைத் திறந்து பார்த்தார். "ஏங்கண்ணு, பையைப் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சா அது எப்படிக் கைக்கு வரும்?" என்றார். சுத்தியலை எடுத்து அவரே ஆணி அடித்தார். அன்றிலிருந்து நான் பை மறந்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு மன உறுதி இல்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். குறை பை இருந்த இடத்தில்தான்.

அத்தைக்கு இப்போது 74 வயது. நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் 30 வருடம் பழம் பறித்தவர். நாங்கள் இருப்பது மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில். மாதத்துக்கு ஒரு தடவையாவது மேலே போய் வருவோம்.

2021 அக்டோபரில் ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றேன். என் கணவருக்கு அதற்கு நான்கு வருடம் முன்பிருந்தே ரத்த அழுத்தம் உண்டு, தினம் ஒரு மாத்திரை. அவர் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, நடுவில் தட்டுவடை செட், டீ, மறுபடி டீ.

இரண்டு பேருமாக அந்தத் தீபாவளி முடிந்த கையோடு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினோம். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் சாமைச் சோறு, மாலையில் முருங்கைக்கீரை சூப், ராத்திரி கம்பு. வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டே அனுப்பினேன். பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்து முகம் சுருக்கினார்கள். ஒரு மாதம் கழித்து இவருக்கு அழுத்தம் பார்த்தபோது 130/84. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். "இனி இயற்கையே பார்த்துக்கும்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இவர் பின்னந்தலை இடிக்கிறது என்றார். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 178/110. அங்கிருந்த டாக்டர் அம்மா திட்டவில்லை, பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த 130 மாத்திரையும் நடையும் உப்புக் குறைத்ததும் சேர்ந்து கொண்டுவந்த 130. அதில் ஒன்றை உருவினால் மற்றவை தாங்காது. உணவை மாற்றுவது நம் கையில், மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் கையில். எட்டு மாதம் ஒழுங்காக இருந்த பிறகு எங்கள் மருத்துவரே அளவைப் பாதியாக்கினார். இயற்கையாக வாழ ஆசைப்படுகிறவர்களிடம் முதலில் நான் சொல்வது இதைத்தான். தேங்காய் எண்ணெயும் வேப்பிலையும் பற்றி அப்புறம் பேசலாம்.

எனக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. சாமை நல்லது, அரிசி கெட்டது என்ற கணக்கில் சாமைச் சோற்றைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டேன். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 172. இன்னொரு நாள் ஒரு கரண்டி அரிசிச் சோறு, ஒரு கிண்ணம் கீரைக் கடைசல், பொரியல், மோர். 138. சாமையின் மேல் தப்பில்லை. கடையில் நான் வாங்கியது தவிடு போகத் தீட்டின வெள்ளைச் சாமை, அதையும் அளவில்லாமல் சாப்பிட்டேன். அத்தை வீட்டுப் பக்கத்தில் மலையாளி என்னும் மலைப் பழங்குடி மக்கள் விளைவித்து வீட்டுக்கென்று குத்தி வைத்திருக்கும் சாமை வேறு நிறத்தில் இருக்கும், லேசாகப் பழுப்பேறி. வேக நேரம் பிடிக்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும்.

அதற்குப் பிறகு தானியத்தை விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் காயும் கீரையும் பருப்பும், சோறு கடைசியில். அதே சாப்பாடுதான், வரிசை மட்டும் மாறியது. ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் தெருவில் நடை. ஒரு வருடத்தில் ஹெச்பிஏ1சி 5.8க்கு வந்தது. பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை. பொரியல் கிண்ணத்தைச் சோற்றுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். பசியில் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் கை எடுக்கும். என் மகன் அவரைக்காய் சாப்பிடுகிறான் என்றால் எங்கள் தெருவிலேயே யாரும் நம்பமாட்டார்கள்.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் பிறந்தவளுக்கு ஜவ்வரிசி வடாம் இல்லாமல் ஒரு கோடை கழியாது. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, கிட்டத்தட்ட வேறொன்றும் அதில் இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் பாயசம், விசேஷத்துக்கு வடாம் என்று வைத்துக்கொண்டோம். உப்புக்கும் அதே கதை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய் ஜாடியைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியதில்தான் எங்கள் வீட்டில் பாதி உப்பு குறைந்தது. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். எங்கள் நான்கு பேருக்கு 2 லிட்டர் கடலை எண்ணெயை மாதத்தின் முதல் நாள் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். மரச்செக்கில் ஆட்டியதாகவே இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான். செக்கெண்ணெய் என்பதற்காகக் கூட ஒரு கரண்டி ஊற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

இனி கல்சட்டி. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது.

மாக்கல்லைக் குடைந்து செய்யும் சட்டி. சேலத்துக் கல்சட்டிக்கு வெளியூர்களில் தனி மதிப்பு, நமக்குத்தான் அது பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் பொருள். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவாவை எடுத்துப் போட்டு இரும்பு தோசைக்கல் வாங்கிய அன்றைக்கே, புளிக்குழம்புக்கென்று ஒரு கல்சட்டியும் வாங்கினேன். அலுமினியத்தில் புளியைக் கொதிக்க வைப்பது எனக்கு எப்போதுமே உறுத்தல், கல்லுக்குப் புளியோடு எந்தச் சண்டையும் கிடையாது. வாங்கி வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, முழுத் தீயில் வைத்து எண்ணெயை ஊற்றினேன். வெந்தயம் சிவக்கும் முன்பே 'டக்' என்று ஒரு சத்தம். அடியிலிருந்து விளிம்பு வரை விரிசல். அழுகையே வந்துவிட்டது.

அத்தையிடம் போனில் சொன்னேன். "கல்லைப் பழக்கணும் கண்ணு. புதுப் பொண்ணை வந்த அன்னிக்கே அடுப்படியில நிறுத்துவாங்களா?" என்றார். அடுத்த சட்டியை அவர் சொன்னபடி பழக்கினேன்.

முதலில் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசி, நிழலில் வைக்க வேண்டும். கல் எண்ணெயைக் குடிக்கும். வறண்டு தெரிந்தால் மறுபடி பூச வேண்டும். இப்படி மூன்று, நான்கு நாள். அப்புறம் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி அப்படியே ஆறவிட வேண்டும். மறுநாள் கொட்டிவிட்டுப் புதுக்கஞ்சி. இது ஒரு வாரம். கடைசி இரண்டு நாள் கஞ்சியோடு சட்டியை அடுப்பில் வைத்து, மிகச் சின்னத் தீயில் தொடங்கி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கஞ்சி கொதித்துச் சட்டி சத்தம் போடாமல் இருந்தால் தயார். மொத்தம் 10 நாள், சில கல்லுக்கு 15 நாள். அதற்குப் பிறகும் வெறும் சட்டியைத் தீயில் வைக்கக் கூடாது, சூட்டோடு ஈரத் தரையில் இறக்கக் கூடாது, கரண்டி மரமாக இருந்தால் நல்லது. தாளிப்பதை இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டுங்கள்.

பழகிய கல்சட்டி தரும் நிம்மதி பெரியது. குழம்பு முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தளபுளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். காலையில் வைத்த குழம்பு மதியம் சூடு பண்ணாமலே வெதுவெதுப்பாக இருக்கும். கேஸ் மிச்சம், நேரமும் மிச்சம். எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட பழக்கங்களை எண்ணிப் பார்த்தால், எல்லாமே வேலையைக் குறைத்தவைதான். வேலையைக் கூட்டியவை இரண்டு மாதத்தில் நின்றுபோயின.

நின்றுபோனவற்றில் ஒன்று கரிப்பொடியில் பல் தேய்ப்பது. இவருக்கு ஈறு புண்ணானதுதான் மிச்சம், பல் டாக்டர் வேண்டாம் என்றார். இன்னொன்று பூந்திக்கொட்டையில் துணி துவைப்பது. பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் இன்றைக்கும் அதுதான். பிள்ளைகளின் யூனிஃபார்ம் காலரில் படிந்த அழுக்குக்கு அது போதவில்லை.

அரப்பு நிலைத்தது. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத்தூள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறி, வடிகஞ்சியில் அரப்பைக் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் போயும் போகாமலும் தலை இதமாக இருக்கும். தூளாக அப்படியே அள்ளினால் தும்மல் பிடுங்கும், கண்ணில் பட்டால் எரியும். அதனால் முதலில் குழைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து அலச வேண்டும். கல்சட்டிக்குக் கஞ்சி, தலைக்குக் கஞ்சி. கொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு இப்போது எங்கள் வீட்டில் போட்டி.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் தரை துடைக்கும் நொதிக்கரைசல் செய்கிறேன். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. மூன்று மாதம் ஊற வேண்டும். ஏற்காட்டு ஆரஞ்சு வரும் சமயத்தில் போட்டால் வீடே மணக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். கண்ணாடி பாட்டிலில் செய்யவே செய்யாதீர்கள், உள்ளே வாயு அடைத்து வெடிக்கும். பிளாஸ்டிக் கேனில், கால்வாசி இடம் காலியாக விட்டுச் செய்யுங்கள். தரைக்கும் பாத்ரூமுக்கும் இது போதும். வீட்டில் யாருக்காவது தொற்று நோய் வந்தால் மட்டும் கிருமிநாசினியை எடுக்கிறேன்.

மாடித்தோட்டம் எங்களுக்கு ஒரு பெரிய பயத்தைக் கொடுத்தது. சுக்குட்டிக்கீரை, தக்காளி, பச்சை மிளகாய், வெண்டை என்று 20 தொட்டி வைத்திருந்தேன். தண்ணீர் தரையில் வழியாதிருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தட்டு. 2022 மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து டெங்கு என்று சொன்னார்கள். ஆறு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். வீட்டைப் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் நேரே மாடிக்கு ஏறி, அந்தத் தட்டுகளில் டார்ச் அடித்துக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன. சாக்கடைக் கொசு வேறு, இது நல்ல தண்ணீரில் வளர்வது, பகலில் கடிப்பது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டால் அது கொசுவாகும் முன்பே சங்கிலி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது, பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை, டீ குடித்த கையோடு இது நடக்கும். தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பறவைக்கு வைத்த கிண்ணம், மாடித் தொட்டியின் மூடி. பத்து நிமிட வேலை. பசுமை வேண்டும் என்று செடி வைக்கிற ஒவ்வொருவரும் இந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்து வளர்க்க வேண்டும்.

காய்கறிக் கழிவை இரண்டு மண்பானையில் மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு ஒரு பங்குக்கு மேல் காய்ந்த சருகோ தேங்காய் நார்க்கழிவோ. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்ட வேண்டும். வேறு மந்திரம் இல்லை. இரண்டு மாதத்தில் எரு.

காய் வாங்குவது உழவர் சந்தையில். 1999இல் தொடங்கிய ஏற்பாடு. அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று நம் ஊரில் பல இடங்களில் இருக்கிறது. விடிகாலையில் போனால்தான் கீரைக்கட்டில் பனி இருக்கும். என்ன வாங்குவது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போவதில்லை. அன்றைக்கு எது குவிந்து கிடக்கிறதோ, விலைப்பலகையில் எது இறங்கியிருக்கிறதோ, அதுவே அந்த வாரத்துச் சமையல். பருவத்துக் காய் எது என்று இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தர முடியாது. மாம்பழத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் நடக்கிறது. தோல் முழுக்க ஒரே சீரான மஞ்சளாக, வாசனையில்லாமல், உள்ளே கெட்டியாக இருந்தால் எனக்குச் சந்தேகம். முற்றிய காயாக மல்கோவாவோ இமாம் பசந்தோ வாங்கி வைக்கோலில் புதைத்துவிடுவேன். நாலைந்து நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிடும்.

இனி மலைக்குப் போகும் கதை.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மகனுக்குச் சின்ன வயதில் ஏழாவது வளைவுக்குள் வாந்தி வரும். மாத்திரை கொடுத்தால் மேலே போய் நாள் முழுக்கத் தூங்குவான். வெறும் வயிற்றோடும் ஏற்றாமல், பூரி, வடை என்று நிரப்பாமலும், இரண்டு இட்லி கொடுத்து, பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார வைத்து, கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வேன். போன் கிடையாது. படம் பார்த்துக்கொண்டு வளைவு ஏறினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

ஆணியில் தொங்கும் பைகளில் ஒன்று இந்தப் பயணப்பை. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இரண்டு, தம்ளர் இரண்டு, ஒரு கரண்டி, துண்டு, சின்ன சோப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குப்பைக்கென்று ஒரு காலி டப்பா. பயணம் முடிந்து வந்ததும் கழுவி மறுபடி அதே பைக்குள் வைத்துவிடுவோம். கிளம்பும் நேரத்தில் தேட ஆரம்பித்தால் எதுவும் நடக்காது. ஒருமுறை வெளியூரில் இவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, ராத்திரி நேரம், பொட்டலமும் கையில் இல்லை, கடை எதுவும் இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அந்த அளவு மனப்பாடமாக இருந்தது காப்பாற்றியது. உப்பு அளவு கூடிவிடக் கூடாது, அதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அத்தை வீட்டில் தண்ணீர் எப்போதும் கொதிக்க வைத்ததுதான். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. ஆனால் பருப்பு வேகாது. புதிதாகக் கல்யாணமாகிப் போன நாளில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். அத்தை ராத்திரியே ஊறப்போட்டுவிடுவார். கொதித்து ஆறிய தண்ணீரைச் செம்புக் குடத்தில் ஊற்றி வைப்பார். அதில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்ற விடமாட்டார், புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். குடத்தை வாரம் ஒருமுறை புளியால் தேய்த்து நன்றாக அலசுவார். அவர் இதையெல்லாம் எங்கும் படித்ததில்லை.

காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அந்த நிழலில் நடப்பதுதான் எங்களுக்கு மலையில் முதல் வேலை. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து பத்து நாள் கழித்துப் போனால் காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை மாதிரி ஒரு வாசனை. அந்த நேரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவோம்.

ஆனால் வழியெல்லாம் பார்ப்பது வேதனையாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்திக் குரங்குகளுக்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் போடுகிறார்கள். பாசத்தில்தான் போடுகிறார்கள், எனக்குத் தெரியும், என் பிள்ளைகளும் ஒரு காலத்தில் வாழைப்பழம் போட்டிருக்கிறார்கள். அந்தக் குரங்குகள் காட்டுக்குள் போய் இலையும் பழமும் தேடுவதை விட்டுவிட்டு, குட்டியைச் சுமந்துகொண்டு சாலையோரத்திலேயே காத்திருக்கின்றன. பன்னிரண்டாவது வளைவில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு தாய்க்குரங்கைப் பார்த்ததிலிருந்து நாங்கள் ஒரு கடலைகூடப் போடுவதில்லை. தின்னும் பொருளைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுவோம். தயவுசெய்து நீங்களும் போடாதீர்கள்.

போட்ட கவரும் அங்கேயே கிடப்பதில்லை. எங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழைதான் தண்ணீர். 2010இல் சேலம் மக்கள் குழு அந்த ஏரியைக் கையில் எடுத்துத் தூர்வாரியது. அள்ளிய வண்டலை ஏரிக்குள்ளேயே குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் தீவுகளில் கொக்கும் நாரையும் அடைகின்றன. காலையில் நாங்கள் நடப்பது அந்தக் கரையில்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலில் சிப்ஸ் கவர்களும் தண்ணீர் பாட்டில்களும் சிக்கி நிற்பதைப் பார்த்தேன். எல்லாமே மலையிலிருந்து வந்தவை என்று சொல்ல மாட்டேன், ஊர்க்குப்பையும் உண்டு. ஆனால் ஓடை மேலேயிருந்துதான் வருகிறது. அன்றிலிருந்து மலையில் நாங்கள் கொண்டுபோன எதையும் அங்கே குப்பைத்தொட்டியில்கூடப் போடுவதில்லை. காலி டப்பாவில் அடைத்துக் கீழே கொண்டுவந்து, தரம் பிரித்துத் துப்புரவு அக்காவிடம் கொடுக்கிறோம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அங்கிருக்கும் தொட்டிகள் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இந்தப் பயணப்பை வந்த பிறகு பாட்டில் தண்ணீர் வாங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. ஓட்டலில் டீ குடித்தாலும் எங்கள் தம்ளரை நீட்டுவோம். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணன் எங்களைப் பார்த்ததும், "டம்ளரக் குடுங்கக்கா" என்று அவரே கை நீட்டுகிறார்.

என் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு பெண்கள் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். மிக்ஸி கேட்பாள் என்று நினைத்தேன். "கல்சட்டி ஒண்ணு பழக்கிக் கொடும்மா, சின்னதா" என்றாள். அத்தையிடம் சொன்னதும் விளக்கெண்ணெய் பாட்டிலோடு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டார். நான்கு நாள் எண்ணெய் முடிந்தது. இன்று கஞ்சி ஊற்றி இரண்டாவது நாள். காலையில் கொட்டிப் பார்த்தபோது கஞ்சியின் மேல் இன்னும் மஞ்சள் எண்ணெய் மிதந்தது. "இன்னும் அஞ்சு நாளாவது ஆகணும் கண்ணு" என்று சட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, உலையில் அரிசி போடச் சொன்னார் அத்தை.